கழுவெளிக் கரையில் அம்மா நடந்த ஞாயிறுகள்

நாமெல்லாம் காலையில் நடக்கிறோம். சர்க்கரைக்காக, முட்டிவலிக்காக, டாக்டர் சொன்னதற்காக. பூங்காவை எட்டுச் சுற்று சுற்றிவிட்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசுகிறோம். போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள், நீ மட்டும் ஏன் உட்காரவே மாட்டேங்கறே என்று. சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதற்கும் என்னால் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போய், துணி காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வருகிறேன். முன்னும் பின்னுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் வீட்டாருக்குக் கயிறும் சாக்கும் விற்கிற கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடைக் காலத்தில் வல்லம் பக்கத்து வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும். சணல் நெடியும் மாட்டுச் சாண நெடியும் கலந்து சோற்றுத்தட்டு வரை வரும். கடைக்கும் வீட்டுக்கும் பெரியப்பாதான் தலைவர். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அவருக்குத் தம்பி. அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார்.

அந்த வருஷம் ஆடியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆவணி முடிவதற்குள் போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். விடியற்காலையில் பெரியப்பாவும் நைனாவும் அவனை எடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் ஈரத்தலையோடு திரும்பி வந்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. பெண்கள் கேட்கவும் இல்லை. கைக்குழந்தை விஷயத்தில் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

அம்மா அழவில்லை. பத்து நாள் கழித்து நடக்க ஆரம்பித்தாள்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், அம்மா இருக்கமாட்டாள். சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெரியம்மா ஓடிவருவார். செட்டிகுளத்துப் பக்கம் பார்த்தேன் என்பார் ஒருவர். கோட்டைச் சுவர் ஓரமாகப் போனாள் என்பார் இன்னொருவர். என்னைத் துரத்தி அனுப்புவார்கள். நான் பின்னாலேயே ஓடுவேன். செஞ்சியில் உங்களுக்குத் தெரியும், எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் ஒரு மலை நிற்கும். வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து சாயங்காலம்கூட அனல் அடிக்கும். அம்மா அந்த அனலில் போவாள், தலையைக் குனிந்தபடி, தரையைப் பார்த்தபடி. எங்காவது மண் புதிதாகக் கிளறியிருந்தால் நின்றுவிடுவாள். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். ஒருமுறை யாரோ பந்தல்கால் நட்டுப் பிடுங்கிய குழி. ஒருமுறை நாய் தோண்டியது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடி நடப்பாள். நான் இதை வீட்டில் சொன்னதில்லை. சொல்லத்தக்க விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தெரு சும்மா இருக்குமா? காத்து சேட்டை என்றார்கள். பெரியப்பா மகளுக்கு, எனக்கு அக்கா முறை, ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இப்படி ஒருத்தி தெருத்தெருவாக அலைகிறாள் என்று காதில் விழுந்தால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று பெரியப்பா பயந்தார். பேயோட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, கொண்டுபோய்க் கட்டிப்போட்டால் மூன்று அமாவாசையில் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நைனா மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் கண்டக்டர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் ஓடிய ஒரு பஸ்ஸில் கண்டக்டர். தோல்பையும் விசிலுமாகக் காக்கிச் சட்டையோடே வந்து நின்று, பெரியப்பாவிடம் பணிவாகத்தான் கேட்டார். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவை அனுப்புங்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளி இருக்கிறது. அங்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. நான் என் வண்டியிலேயே இறக்கிவிட்டு என் வண்டியிலேயே ஏற்றி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தெருவில் அம்மா தென்படாமல் இருந்தால் பெரியப்பாவுக்கும் நல்லதுதான். ஒத்துக்கொண்டார், நானும் கூடப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு.

கிளம்புவதற்கு முன்தினம் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். ‘அங்க இன்னா செய்றா, யார் கிட்ட பேசறா, எல்லாம் எங்கிட்ட வந்து சொல்லணும். ஒண்ணு வுடக்கூடாது’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் ஒரு பொறுப்பும் கொடுத்ததில்லை.

கார்த்திகையில் முதல் ஞாயிறு. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி மாமாவின் பஸ். முகப்பு நீண்ட பழைய வண்டி. எஞ்சின் சூட்டில் டிரைவரின் பக்கத்துப் பலகையில் உட்காரவே முடியாது. மாமா எங்களுக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். மரக்காணம் வருவதற்கு முன்னாலேயே, நிறுத்தமே இல்லாத இடத்தில் விசில் கொடுத்தார். ‘ரெண்டு மணிக்குத் திரும்பி வருவன். இதே பனமரத்தாண்ட நில்லுங்க’ என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் போனதும் ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும்.

கழுவெளியை நீங்கள் இப்போது பார்த்திருப்பீர்கள். பறவைகள் சரணாலயம் என்று சொல்கிறார்கள், படம் எடுக்கக் காரில் போகிறார்கள். அன்று அது வெறும் வெளி. கடலும் இல்லை, ஏரியும் இல்லை. மழைத்தண்ணீர் மேற்கிலிருந்து வந்து தேங்கும். மரக்காணத்து உப்பங்கழி வழியாகக் கடல்தண்ணீர் எதிரேறும். இரண்டும் கலந்து ஒரு பழுப்புத் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம், கரையோரம் முழங்கால் ஆழத்தில். கரை பூராவும் சமதரை. கல் இல்லை, படி இல்லை, ஏற்றம் இல்லை. ஒற்றையடிப் பாதை தண்ணீரை ஒட்டியே போகும். காலடியில் உமரிச்செடி நெரிந்து உப்புவாடை எழும். ஒரு புறம் உப்பளப் பாத்திகள், மழையில் கரைந்து வேலையில்லாமல் கிடந்தன. மறுபுறம் கோரையும் பறவைகளும். அத்தனை பறவைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதற்கும் பெயர் தெரியாது. நீளக்கால், கரண்டிமூக்கு, பைத்தொண்டை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் அம்மா நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது. செஞ்சியில் நடந்த மாதிரியே குனிந்த தலையோடு நடந்தாள். தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை நின்றபடியே தின்றோம். இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரமோ என்னவோ, நடுவழியில் நின்று தலையை நிமிர்த்தினாள். ஒரு பெரிய கூட்டம், வெள்ளையும் ரோஜாநிறமுமாக, தண்ணீரிலிருந்து ஒன்றாகக் கிளம்பி வளைந்து மறுபடி தூரத்தில் இறங்கியது. அம்மா அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் பேசினாள். அந்த மூன்று மாதத்தில் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

‘இங்க நல்லா இருக்குது இல்ல? எங்கியும் தேட வேண்டியதில்ல.’

எதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பாவிடம் பறவை பார்த்ததைச் சொன்னேன், புளிச்சோறு தின்றதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

அதன் பிறகு நடை மெதுவானது. எறா, இறாலைத்தான் அப்படிச் சொல்வார்கள், தடவிப் பிடிக்கிற ஒரு பெண்ணோடு பழக்கமும் ஆனது. அம்மா வயதுதான் இருக்கும். தண்ணீரில் தவழ்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவி எறாவைப் பிடிப்பாள். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டு, பிடித்ததை அதற்குள் போடுவாள். வாயில் பறி இருப்பதால் பேசமுடியாது. புருவத்தை உயர்த்தி அம்மாவை நலம் விசாரிப்பாள். அம்மாவும் புருவத்தை உயர்த்துவாள். மார்கழியில் ஒருநாள் அம்மா அதற்குச் சிரித்தே விட்டாள். திரும்பும் பஸ்ஸில் என் தலையைப் பிடித்து இழுத்து, அவிழ்ந்து கிடந்த பின்னலை மறுபடி பின்னிவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

எல்லாம் சரியாகிக்கொண்டுதான் இருந்தது. கெடுத்தது நான்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு. ஓரத்துத் தண்ணீரில் நண்டு துரத்திக்கொண்டிருந்தேன். சேறு முழங்கால்வரை இழுத்தது. காலைப் பிடுங்கி எடுத்தபோது ஒரு கொலுசு இல்லை. பொங்கலுக்கு நைனா வாங்கித் தந்த வெள்ளிக் கொலுசு, ஜோடியாகப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் அழுத அழுகையில் அம்மா புடவையைக் கூடத் தூக்கிச் செருகாமல் இறங்கிவிட்டாள். குனிந்து தடவினாள். நகர்ந்து நகர்ந்து தடவினாள். கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டாள். என் கொலுசு விழுந்த இடம் கரையோரம். அவள் போனதோ நடுத்தண்ணீருக்கு. இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து, அசையாமல் நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பயந்துபோய் அந்த எறாக்காரப் பெண்ணைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் பறியைத் துப்பிவிட்டு ஓடி, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். இன்னாம்மா தேடற என்று கேட்டதற்கு அம்மா, இவ கொலுசு என்றாள். போனா போவுது என்று அந்தப் பெண் என் தலையைத் தடவினாள். அம்மா கொலுசை மட்டும்தான் தேடினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஈரப்புடவையோடு வீடு திரும்பினோம். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். கொலுசைத் தொலைத்ததைச் சொன்னால் அடி விழும். இருந்த ஒற்றைக் கொலுசையும் கழற்றிப் பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தேன். ஆகவே அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியைச் சொன்னேன். ‘அம்மா தண்ணிக்குள்ள போயிட்டாங்க. கூப்ட்டேன், திரும்பல. ஒரு பொம்பள போய் இட்டுக்கினு வந்தாங்க.’

பெரியப்பா முகம் வெளுத்துவிட்டது. நான் ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

அன்றே அம்மாவை சாக்கு அடுக்கும் அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். அடுத்த ஞாயிறு பேயோட்டுகிற இடத்துக்கு வண்டி பேசியாயிற்று. நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். அம்மா அந்தச் சின்ன அறையில் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருப்பாள். ஆறு எட்டு வைப்பாள், திரும்புவாள், மறுபடி ஆறு எட்டு. கொலுசுக்காகத்தான் இறங்கினேன் என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு அடி விழும் என்று தெரிந்து பேசாமல் இருந்திருக்கிறாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நானே ஒரு பிள்ளை பெறவேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் காலடிச் சத்தமே என்னைச் சொல்லவைக்கப் போதுமாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பெரியப்பா சாப்பிட உள்ளே வந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். நைனா கயிறு அளந்துகொண்டிருந்தார். ஒளித்து வைத்த கொலுசை எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கே அம்மா வேறு என்ன பேசுவாள் என்று கேட்டார்.

‘பேச மாட்டாங்க நைனா. ஒரு வாட்டிதான் பேசினாங்க. இங்க எங்கியும் தேட வேண்டியதில்லன்னாங்க.’

‘எதத் தேட வேண்டியதில்லயாம்?’

தெரியாது என்றேன். செஞ்சியில் மண் புதுசாகக் கிளறியிருந்தால் உட்கார்ந்து தொட்டுப் பார்ப்பாள், ஒருவேளை அதுவாக இருக்கும் என்றேன்.

நைனாவின் கையிலிருந்து கயிறு நழுவிக் காலடியில் சுருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. எதிரில் ஆள் வந்து நின்று இரண்டு முறை கேட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா பேசிய வண்டி வாசலில் நின்றது. நைனா சாக்கு அறையைத் திறந்து அம்மாவை வெளியே கூட்டி வந்தார். வண்டியைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். எங்கேடா என்று பெரியப்பா கேட்டதற்கு, மரக்காணம் என்றார். அண்ணன் பேச்சைக் கேட்காமல் அவர் நடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் நடுவில் ஓடிக்கொண்டே இரண்டு பேரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கழுவெளியில் நைனாவுக்கு நடக்கத் தெரியவில்லை. கடையை விட்டு நகராதவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குப் பயந்து பயந்து கால் வைத்தார். அம்மா முன்னால், அவர் பின்னால், நான் கடைசி. வெகுதூரம் போன பிறகு அவர் அவள் முதுகைப் பார்த்தே சொன்னார்.

‘நம்ம மல்லாட்டக் கொல்லையிலதான் வச்சிருக்குது. திண்டிவனம் ரோட்டோரம். கெணத்துக்குக் கெழக்கால.’

அம்மா நின்றாள். நைனா விடாமல் பேசினார். பெற்றவளுக்கு இடம் தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளை தங்காது என்று அண்ணன் சொன்னார். நானும் அதை நம்பினேன். நீ தெருவில் எதைத் தேடுகிறாய் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். வாரா வாரம் எங்கள் நிலமான அந்தக் கொல்லையைத் தாண்டித்தான் பஸ்ஸில் வந்திருக்கிறோம். அதுதான் அப்போது அவள் மனசில் ஓடியிருக்கவேண்டும். ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது. அந்த இரண்டு மணிநேரமும் பனைமரத்தைச் சுற்றி நடந்தாள்.

திரும்பும் வழியில் கொல்லையில் இறங்கினோம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அறுவடை முடிந்து காய்ந்த கொடிகள் கிடந்தன. கிணற்றுக்குக் கிழக்கே வரப்போரம் ஒரு மேடு, மழையில் அமிழ்ந்து தரையோடு தரையாகப் போயிருந்தது. மேலே மூன்று கல். அம்மா குந்தி, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள்.

‘தல எந்தப் பக்கம்?’

நைனாவுக்குத் தெரியவில்லை. தன்னால் முடியவில்லை என்றும், கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டதாகவும், எல்லாம் அண்ணன்தான் செய்தார் என்றும் சொன்னார்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது வேறு. அக்காவின் கல்யாணம் ஆரணியிலேயே நடந்தது. எனக்கு ஒரு தங்கை பிறந்தாள், தங்கினாள், இப்போது அவளுக்கும் பேரன் இருக்கிறான். அந்த மாசியில் கழுவெளி வற்றும்வரை அம்மாவும் நைனாவும் நானும் போய்வந்தோம். அம்மாவின் கால் அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். சாகும்வரை அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அது எனக்கும் வந்திருக்கிறது.

கொல்லையிலிருந்து அன்று வண்டி பிடித்துச் செஞ்சிக்கு வந்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருப் பக்கமாகக் கடைக்குள் நுழையமாட்டார்கள். பெரியப்பாவிடம் நேராகப் பேசவும் மாட்டார்கள். அம்மா தெரு வழியாகவே கடைக்குள் ஏறினாள். பெரியப்பா கோணி ஊசியும் கையுமாகக் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். திட்டத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

‘அவனுக்குத் தல எந்தப் பக்கம் வச்சீங்க?’

பெரியப்பா நைனாவைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அதைச் சாக்கில் குத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

‘தெக்க. காது வரிக்கும் என் சால்வயச் சுத்திதாம்மா வச்சேன். அன்னிக்கித் தூறிக்கினு இருந்திச்சி.’

அந்த மார்கழி முழுவதும் அவர் வெறும் துண்டைப் போர்த்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதுச் சால்வை வாங்கிக்கொள்ளச் சொல்லி பெரியம்மா நச்சரித்தபோதெல்லாம் அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அம்மா அங்கேயே சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, உடம்பு குலுங்க, ஐந்து மாசத்து அழுகை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெரியப்பா அவள் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போனார். இன்னும் விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை, வியாபார நேரம். சுவரோரம் சாத்தி வைத்திருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட ஆரம்பித்தார். நைனா போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பலகையை மாட்டியதும் தெரு மறைந்தது. அம்மா அழுது முடிக்கும்வரை அந்த இரண்டு பேரும் இருட்டில் நின்றுகொண்டே இருந்தார்கள்.